ஐந்து நிமிட மணி

சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியும் என் மூத்த மகன் எந்த முகாமில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. ராணுவ வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை முப்பது நாளுக்குள் வெளியிட வேண்டும் என்று ஒருவழியாக ஒரு மசோதா வந்தது. இரண்டே பக்கம். சீர்திருத்தம், சீர்திருத்தம் என்று தொண்டை கிழியக் கத்தி ஓட்டு வாங்கியவர்கள், அதைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், கடைசி அலுவலாகப் போட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

நான் அந்த நாடாளுமன்றத்தில் கதவுக்காரன். இருபத்தாறு வருட வேலை. வாக்கெடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் மணி அடிக்கும். மணி நின்றதும் கதவைச் சாத்தி வெளித்தாழ் போட வேண்டும். அதற்குப் பிறகு யார் வந்தாலும் வெளியேதான். ஒருமுறை ஒரு மந்திரியையே நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பெருமையை வீட்டில் எத்தனை தடவை அளந்திருப்பேனோ.

அன்று மத்தியானச் சாப்பாட்டோடு பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாலு மாத ஓய்வு, யாருக்குத்தான் உட்கார மனசு வரும்? வாக்கெடுப்புக்கு முப்பது பேர் வேண்டும். உள்ளே இருந்தவர்கள் இருபத்தொன்பது. ஒரு தலை குறைந்தாலும் அவை கலையும், மசோதா அத்தோடு செத்துப்போகும். அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி முதலிலிருந்து.

மணி அடிக்க ஆரம்பித்தது. கதவை விட்டு நான் நகரக் கூடாது. அந்த வழியாகப் போன குமாஸ்தாவிடம், கேன்டீனில் யார் இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். நாலு நிமிடம் போயிற்று. தாழ்வாரத்தின் கோடியில் ‘தாளம்’ தெரிந்தார். எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் மேசையைத் தட்டுவதால் அவருக்கு அந்தப் பெயர். உன் பையன் விஷயம் என் விஷயம் என்று என்னிடம் சத்தியம் செய்தவர். எனக்கு உயிர் வந்தது. வேகமாகத்தான் வந்தார்.

அவர் எட்டடி தூரத்தில் இருக்கும்போது மணி நின்றது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விட்டிருப்பேன். இருபத்தாறு வருடமாக எப்படி இழுத்தேனோ அப்படியே கதவை இழுத்தேன். தாழ் விழுந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அடப்பாவி, உன் பிள்ளையடா.

தாளம் கதவருகே வந்து மூச்சு வாங்கினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்தார்.

“நல்லவேளை சாத்திட்டீங்க. உள்ள போயிருந்தா கை தூக்கித் தொலைச்சிருக்கணும். ராணுவத்தை யாரு பகைச்சுக்கிறது?”

அப்போதாவது தாழைத் திறந்து, அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கலாம். மிஞ்சிப் போனால் வேலை போயிருக்கும். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. “சரிங்க சார்” என்றேன். வெட்கங்கெட்ட வாய். உள்ளே தலை எண்ணி, அவை ஓய்வுக்குக் கலைந்ததாக அறிவித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே நின்றாள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தாளம் ரேடியோவில் கண்ணீர் விட்டிருக்கிறார்: ஓடோடி வந்தேன், இரண்டடி தூரத்தில் கதவுக்காரர் முகத்தில் அடித்த மாதிரி சாத்திவிட்டார், பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

“இன்னைக்குக் கதவுல நீங்க இல்லதானே?” என்றாள். “வேற யாரையாவது மாத்தி விட்டிருந்தாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் கேட்டாள்.

“நான்தான் இருந்தேன்.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“ரெண்டடிதானேங்க. நம்ம புள்ளைக்காக ரெண்டடி பொறுத்திருக்கக் கூடாதா?”

இரண்டடி இல்லை, எட்டடி என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டடியும் பொறுத்திருக்கலாம்தான்.