பஞ்சு விரிப்பில் ஒரு ஊசி

ஊசி டப்பாவைத் திறந்தபோது கோட்டு மாஸ்டருக்குத் தூக்கம்தான் வந்துகொண்டிருந்தது. பேரனுக்கென்று தைத்த விரிப்பைக் காலையிலேயே மகன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டையும் முடித்திருந்தார். கத்தரியையும் நூல்கண்டுகளையும் எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணசரலாம் என்றுதான் டப்பாவைத் திறந்தார். உள்ளே கம்பளித் துணியில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். எதற்கு எந்த இடம் என்று அவருக்கு இருட்டில்கூடத் தெரியும். நீள ஊசியின் இடம் காலியாக இருந்தது.

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

கோட்டும் சூட்டுமாகத் தைத்தே காலத்தை ஓட்டியவர் என்பதால் ஊரே அவரைக் கோட்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தொழிலில் இருந்த காலத்தில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் முதலில் ஊசி டப்பாவுக்குள் போக வேண்டும், தண்ணீர் குடிப்பதெல்லாம் அதற்கப்புறம். அந்தச் சட்டத்தை மீறியவர்களை அவர் திட்டிய திட்டு அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். இன்று காலையில் அதே மனிதர் கடைசி முடிச்சைப் போட்டார், நூலை வெட்டினார், விரிப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

மேசைக்கு அடியில் தேடினார். பாயை உதறினார். துடைப்பத்தை எடுத்துக் கூட்டி, குப்பையைக் காகிதத்தில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்தார். நூல் துணுக்கு இருந்தது, பஞ்சு இருந்தது, ஒரு பழைய பொத்தான்கூட இருந்தது. ஊசி இல்லை.

அப்படியென்றால் அது ஒரே இடத்தில்தான் இருக்க முடியும், பேரனின் விரிப்புக்குள். மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட ஒரு பரப்பு, கீழே மெத்தென்ற ஒரு துணி, நடுவில் கனமாகப் பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடத்தான் அந்த நீள ஊசி. பஞ்சுக்குள் போய்விட்டால் வெளியே தடவினாலும் தட்டுப்படாது. ஆனால் தவழும் குழந்தை அதன் மேல் விழுந்து புரளும்போது என்ன ஆகும் என்று நினைத்ததுமே துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்.

போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். போன் அவர் கையில்தான் இருந்தது. மருமகளின் எண்ணைத் தேடி எடுத்தும் விட்டார். ஆனால் அழுத்தவில்லை. வரும் திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தையைப் பகலில் யாரிடம் விடுவது என்று அந்த வீட்டில் நடந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. சம்பளத்துக்கு ஆயா வைக்கலாம் என்றாள் மருமகள். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதரை நம்பி எப்படி விடுவது என்று அவர் காதுபடவே கேட்டாள். மகன் இரண்டு பக்கமும் தலையாட்டினான். பெண்டாட்டி போன பிறகு சுவரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பேரன்தான் எல்லாம். கெஞ்சாத குறையாகக் கேட்டு, நேற்றுத்தான் அவள் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வந்திருந்தது.

இந்த நேரத்தில் போய், அம்மா, உன் பிள்ளை படுத்திருக்கும் விரிப்பில் ஊசியை விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? போய் நைசாக எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் நடந்தார் கோட்டு மாஸ்டர்.

மகன் வீடு மூன்று தெரு தள்ளி, மாடியில். கதவைத் திறந்த மருமகள் வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்க மாமா. இப்பத்தான் தூங்கினான்."

கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே விரிப்பு. அதன் மேல் குப்புறப்படுத்துக் கன்னம் நசுங்க, வாய் திறந்து, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான் பேரன். விரிப்பின் நீலக் கட்டங்கள் மருமகள் கர்ப்பமாக இருந்தபோது போட்டிருந்த கவுனிலிருந்து வெட்டியவை. அவளே எடுத்துக் கொடுத்தாள். காலையில் அதைத் தடவிப் பார்த்து, "கடையிலகூட இப்படிக் கிடைக்காது மாமா" என்று சொன்னபோது கோட்டு மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அதே கட்டங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அது வந்தும்மா... விரிப்புல ஒரு ஓரம் பிரிஞ்சிருக்கு. காலையிலேயே பார்த்தேன். குடு, சரிபண்ணிக் கொண்டாறேன்."

"அதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க? எந்திரிக்கட்டும், எடுத்துட்டுப் போங்க. இப்ப எடுத்தா வீட்டையே ரெண்டாக்கிடுவான். உக்காருங்க, டீ போடுறேன்."

அவள் சமையலறைக்குள் போனதுதான் தாமதம், கோட்டு மாஸ்டர் தரையில் மண்டியிட்டார். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிக்கொண்டே போனார். பஞ்சு, பஞ்சு, முடிச்சு, மறுபடி பஞ்சு. குழந்தையின் காலருகே வந்ததும் நிறுத்தினார். வயிற்றுக்கு அடியில் கையை விட முடியாது. கடைசி முடிச்சைப் போட்டதோ நடுவில்தான். இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். குழந்தை காலை மடக்கி, முனகி, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன மாமா பண்றீங்க?"

மருமகள் டம்ளரோடு நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. பார்த்தேன்."

"ராத்திரி பகலா தைச்சும் உங்களுக்குத் திருப்தியில்ல. எந்திரிங்க, முழங்கால் வலிக்கப் போகுது."

நாற்காலியில் உட்கார்ந்தார். டீயை வாங்கிக்கொண்டார். அவள் எதிரே உட்கார்ந்து திங்கட்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பால் எப்போது, கஞ்சி எப்போது, தூங்க அடம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும், மூக்கடைத்தால் எந்த மருந்து. மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. எதையும் இரண்டு முறை சொல்வாள், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கோட்டு மாஸ்டர் திருப்பிச் சொன்னார். கண் மட்டும் விரிப்பை விட்டு நகரவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. முதல்ல எனக்கு மனசே இல்ல. இன்னிக்குக் காலையில நீங்க அவனைத் தோள்ல போட்டு நடந்தீங்கல்ல, அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. உங்க பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஆயா பேச்சே வேண்டாம், மாமா போதும்னு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கோட்டு மாஸ்டர் டீயைக் குடித்தார். சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம், அவனே எழுந்துவிடுவான் என்று இன்னொன்று சமாதானம் சொன்னது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சமாதானம். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் கோழைத்தனம் வரும், வந்தால் டீ குடித்துக்கொண்டே வரும் என்பதை என்னவென்று சொல்வது. டம்ளர் காலியானது.

அப்போது குழந்தை புரண்டான். புரண்ட வேகத்தில் வீலென்று கத்தினான்.

"தூக்கு!" என்று அலறினார் கோட்டு மாஸ்டர். "தூக்கும்மா, அதுல ஊசி இருக்கு!"

அவள் என்ன ஏதென்று கேட்கவில்லை. பாய்ந்து போய்க் குழந்தையை அள்ளினாள். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றினாள், ஜட்டியைக் கழற்றினாள். வயிறு, முதுகு, தொடை, அக்குள், உள்ளங்கால் என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. தூக்கம் கலைந்த கோபத்தில்தான் அவன் கத்தியிருக்கிறான். அவள் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜன்னல் மேடையில் இருந்த கத்தரியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பிரிங்க."

பிரித்தார். விரல் வலிக்க வலிக்க, வாரக்கணக்கில் போட்ட தையலை அவரே வெட்டினார். நீலக் கட்டங்கள் ஒரு பக்கம், கோடு போட்ட துண்டுகள் ஒரு பக்கம் என்று கழன்று விழுந்தன. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தரையில் போட்டார். அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் பிய்த்ததையே மறுபடி பிய்த்தாள். கூடமெல்லாம் பஞ்சு பறந்தது. குழந்தைக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு. ஊசி மட்டும் இல்லை.

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேம்மா. இல்ல."

"இல்லன்னா எங்க போச்சு?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. காலையிலிருந்து அவன் அந்த விரிப்பின் ஓரத்தைத்தான் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும் வயசு. மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவன் குமட்டி அழுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். படம் எடுத்துப் பார்க்கணும். உங்க பிள்ளைக்குப் போன் பண்ணுங்க, சீக்கிரம்!"

கோட்டு மாஸ்டர் போனைத் தேடிக் குனிந்தார். அவர் குனிந்தபோது மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, அசையாதீங்க."

அவருடைய சட்டைக் காலரின் மடிப்புக்கு அடியிலிருந்து ஒரு நீல நூல் விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். நூலோடு நீள ஊசியும் வந்தது.

கோட்டு தைப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான் அது. நூலை வெட்டும் அந்த ஒரு நொடிக்கு ஊசியைக் காலரில் குத்திக்கொள்வார்கள், கை தானாகச் செய்துவிடும், மூளைக்குச் சொல்லாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, கழுத்தில் ஊசியை வைத்துக்கொண்டு அவர் பாயை உதறியிருக்கிறார்.

மருமகள் தரையில், பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோட்டு மாஸ்டரும் சிரித்தார். பெரிய கண்டம் தாண்டிய மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சை ஒன்றுசேர்க்க ஆரம்பித்தார்.

"ஒரு வாரத்துல மறுபடி தைச்சுடலாம்மா. துணி எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"மாமா. ஊசி காணோம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சாப்பிட்டு முடிச்ச பிறகு. டப்பாவைத் திறந்தப்ப."

"அப்ப, இங்க வரும்போதே தெரியும்."

அவர் பஞ்சைக் கீழே வைத்தார்.

"ஓரம் பிரிஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, அப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

"நான் டீ போட்டுக் குடுத்தேன். திங்கட்கிழமைக்கு என்னென்ன பண்ணணும்னு சொல்லிட்டிருந்தேன். நீங்களும் திருப்பிச் சொன்னீங்க. அவ்வளவு நேரமும் எம்பிள்ளை ஊசி மேல படுத்திருக்கான்னு நினைச்சுக்கிட்டே அந்த டீயைக் குடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். "வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

"ஊசியை மறக்கிறது யாருக்கும் நடக்கும். நான்கூட ஒரு தடவை மருந்தை மாத்திக் குடுத்துட்டேன். தெரிஞ்ச நிமிஷம் மாடிப்படியில விழுந்தடிச்சு ஓடினேன். வேலை போயிடுமேன்னு உக்காந்து யோசிச்சிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு உயிரோட இல்ல."

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார், வயசைச் சொல்லியிருப்பார், அழுதுகூட இருப்பார். அவள் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிற அதே குரலில் பேசினாள்.

குழந்தை அம்மாவின் மடியிலிருந்து அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். பழக்க தோஷத்தில் கோட்டு மாஸ்டரும் கையை நீட்டினார். மருமகள் குழந்தையைத் தரவில்லை. தட்டியும் விடவில்லை. அவனுடைய நீட்டிய கையைப் பிடித்து மெதுவாக மடக்கி, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமைக்கு ஆயாவையே வரச் சொல்றேன் மாமா. நீங்க சாயங்காலமா வாங்க. நான் வந்த பிறகு வாங்க."

"சரிம்மா."

"இதை இங்கயே உக்காந்து தைங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. ஊசி எங்கிட்ட இருக்கட்டும். வந்ததும் தரேன், போகும்போது வாங்கிக்கிறேன்."

கோட்டு மாஸ்டர் தலையாட்டினார். பஞ்சையும் துண்டுகளையும் மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். அங்கே சற்று நின்று, செருப்பை மாட்டாமல் திரும்பி, "ஆயா ஏதாவது தப்புப் பண்ணிட்டா உடனே சொல்லணும்னு அவகிட்டச் சொல்லி வையும்மா" என்றார்.

"சொல்றேன் மாமா" என்றாள் மருமகள்.