மூலை மிஷின்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மாதேஸ்வரன் மலையில் நிற்கவைத்துச் சூடத்தை அணைக்கச் சொன்னாலும் ஓர் எழுத்து மாறாது.

மைசூரில் அந்த டயாலிசிஸ் மையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரும்பு பெஞ்சில், நஞ்சுண்டசாமி விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார். மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காயக் கிடங்குக்கு இரவுக் காவல் அவர். வேலை முடிந்த கையோடு வந்து, கதவைத் திறக்கிற ஆளுக்கு முன்னால் நின்றுவிடுவார். அந்த இடத்துக்கு அவருக்கு முன்பே வந்து சேர்ந்தது கட்டடம் ஒன்றுதான். இரண்டு வருஷமாக நாலாம் நம்பர் மிஷின் அவருடையது. இன்று அதில் வெல்டிங் பட்டறைப் பையன் தருண்குமார் படுத்திருந்தான்.

பெஞ்சில் நஞ்சுண்டசாமியின் கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. மனைவி நாச்சம்மாள் விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழியில் ஒரு புளியங்கொட்டையை வைக்கலாம். பார்க்காததுபோல் வேட்டியை இழுத்து மூடினாள். அவருடைய தாடி ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. மாதேஸ்வரனுக்கு நேர்ந்த தாடி. சிறுநீரகம் குணமானால் மலையில் இறக்குவதாகப் பேச்சு. சிறுநீரகம் பேச்சுக்கு வரவில்லை. தாடி மட்டும் வாக்குத் தவறாமல் வளர்ந்தது. மழைக்காலத்தில் துவைத்துக் காயப்போட்டால் கொடியில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது என்பது நாச்சம்மாளின் நெடுநாள் புகார்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹெபடைட்டிஸ் சி என்கிற கிருமி மூன்று பேருக்கு இருந்தது: ஓட்டலில் மாவரைக்கும் சேகரன், பூ விற்கும் சென்னம்மா, நஞ்சுண்டசாமி. உடனே மூலையிலிருந்த ஒரு மிஷினில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். காலையில் ஓர் ஆள், மதியம் ஓர் ஆள். மையம் திறப்பதே வாரத்தில் மூன்று நாள்; ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று நாளும் வேண்டும். மற்ற நாட்களில் டெக்னீஷியன் மஞ்சுநாத் வேறோர் ஊருக்குப் போய்விடுவார். காலை முறை சேகரனுக்குப் போயிற்று, மதியம் சென்னம்மாவுக்கு. மூன்றாவது ஆளுக்கு பெஞ்ச் இருந்தது.

உள்ளே பாடம் நடந்தது. தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் பூங்குழலி, படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டியபடி கட்டில் கட்டிலாக நடந்தாள். மைசூரிலேயே ஒழுக்கமான வகுப்பு அது. கையில் ஊசி குத்தி மிஷினோடு பிணைத்த பிறகு எந்த மாணவனும் எழுந்து ஓட முடியாது.

"இது ரத்தத்துல பரவுற கிருமி. தொட்டா ஒட்டாது, சேர்ந்து சாப்ட்டா ஒட்டாது, கொத்தாயிதா, புரிஞ்சுதா? பிளேடு, ரேஸர், பல் பிரஷ் மட்டும் மாத்திக்கக் கூடாது. மாத்திரை இருக்கு. மூணு மாசம் சாப்ட்டா பெரும்பாலும் போயே போயிடும்."

"அக்கா, எங்களுக்கு?" என்றான் தருண்குமார்.

"மத்த யாருக்கும் இருக்குன்னு ரிப்போர்ட் வரல. பயப்படாதீங்க."

படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சில் சுவர்க் காலண்டர் அடுத்த மாதத்துக்குப் புரண்டது.

பூங்குழலி கதவைத் திறந்து பெஞ்சுக்கு வந்தாள். "ஐயா, உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கச் சொல்லியிருக்காங்க. சவரம் எங்க பண்ணிக்கறீங்க?"

நஞ்சுண்டசாமி தாடியைத் தூக்கிக் காட்டினார்.

"சரி. பல்லு வெளக்கறது?"

"உமிக்கரிங். வெரலுங்."

"யாரு விரல்?" பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"என்றதுதானுங்."

"இவிய அடுத்தவங்க பொருள்னு எடுத்தது எங்கப்பன் பெத்த என்னைய ஒருத்தியத்தானுங், அம்மிணி," என்றாள் நாச்சம்மாள்.

பூங்குழலி சிரித்துவிட்டாள். "ஊசி ஏதாவது? பச்சை குத்தினது?"

அவர் இடக்கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் தாம்புக்கயிறு போலப் புடைத்திருந்தது. அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்புகள்.

"ஊசின்னா இங்க குத்துறதுதானுங். வேறெங்கயும் போனதில்லீங்."

உள்ளே மஞ்சுநாத், ஏற்கெனவே துடைத்த ஒரு மேசையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டேனுங்," என்றாள் நாச்சம்மாள்.

"தட்டெல்லாம் வேண்டாம்மா. ரத்தத்துல மட்டுந்தான்."

"அப்ப ரத்தம் ஓடுற மிஷினு? போன வெள்ளி வரைக்கும் இவிய ரத்தம் நாலாம் நம்பருலதான ஓடுச்சு? அதுல அந்தப் பையனப் படுக்க வெச்சிருக்கீங்ளே?"

கதவு திறந்துதான் இருந்தது. தருண்குமார் தலையைத் தூக்கி மிஷினைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்து அதற்குப் போகும் சிவப்புக் குழாயைப் பார்த்தான்.

"அக்கா..."

"அதக் கழுவிட்டாங்க, தருண்."

"கழுவினா போயிடும்னா மாமாவ ஏன்க்கா வெளிய உக்கார வெச்சிருக்கீங்க?"

பூங்குழலி அட்டையைப் புரட்டினாள். அடுத்த படத்தில் ஒரு குடும்பம் சோப்புப் போட்டுக் கை கழுவிச் சிரித்துக்கொண்டிருந்தது.

மதியம் சேகரன் இறங்கினான். நஞ்சுண்டசாமி சுவரைப் பிடித்து எழுந்தார். அதற்குள் சென்னம்மா மூலைக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

"அஜ்ஜா, இவத்து ஆகல்ல, இன்னிக்கு முடியாது," என்றார் மஞ்சுநாத், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளான்னிக்கு வாங்க. ரெண்டு பேர்ல யாராச்சும் வரலைன்னா உங்களுக்குத்தான்."

"வரலைன்னாவா? எதுக்கு வராம இருப்பாங்க?"

மஞ்சுநாத் சென்னம்மாவின் குழாயைச் சரிபார்க்கக் குனிந்தார். சென்னம்மா தலையைத் திருப்பினாள்.

"நான் வந்துடுவேண்ணா," என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

"வா, தாயி. வந்துரு," என்றார் நஞ்சுண்டசாமி.

பஸ் நிறுத்தம் வரை நடக்க மூச்சு இல்லை. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பூங்குழலி கிளம்புமுன் அவர் மடியில் ஒரு பை வைத்தாள். கிருமி உள்ளவர்களுக்குத் தொண்டு நிறுவனம் இலவசமாகத் தருவது. உள்ளே ஒரு சோப்பு, ஒரு பல் பிரஷ், உறை பிரிக்காத புது ரேஸர்.

"இத வெச்சு என்னங்க பண்றது?"

"உங்களுக்கு மட்டும் வெச்சுக்கங்க ஐயா. யாருக்கும் குடுத்துடாதீங்க."

அவள் படியிறங்கிப் போனாள். ரேஸர் அவர் உள்ளங்கையில் இருந்தது. தாடி அதன்மேல் ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்கள்.

அந்த மாதம் மையத்துக்கு வந்த, இந்தக் கிருமிக்கான பரிசோதனைக் கிட் மொத்தமே மூன்று. கதவு திறந்ததும் முதலில் வந்து நின்ற மூன்று பேருக்குப் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள்.