மீதியை இதே மாதிரி போட்டுக்கொள்க

பள்ளிப் பிள்ளைகளுக்கான கைடு அச்சடிக்கும் அந்த அச்சகத்தில், வெள்ளை இடம் என்றால் முதலாளிக்கு ஆகாது. ஒரு பக்கத்தின் அடியில் நாலு விரல் அகலம் காலியாகக் கிடந்தாலும் பால் பொங்கி வழிவதைப் பார்த்தவர்போல ஓடி வருவார்.

"வெறும் தாளை விக்கிறதுக்கு நான் என்ன பைத்தியக்காரனா? ரொப்பும்மா, ஏதாவது போட்டு ரொப்பு."

ரொப்புகிறவள் பெரியவள். வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். அச்சகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏம்மா" என்றால் போதும், திரும்பிப் பார்ப்பாள். பேசுவது அபூர்வம். "இந்தப் பொண்ணு வாயைத் திறக்கணும்னா பல் டாக்டர்தான் வரணும்" என்று பைண்டிங் செய்கிறவர் சொல்வார். அதற்கும் அவள் வாயைத் திறக்காமல்தான் சிரிப்பாள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. சமைக்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா தேறி எழுந்து அடுப்படிக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் அந்த வருஷமே முடிந்திருந்தது. மறுபடி போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் காரியங்கள் அப்படித்தான் நடக்கும். தட்டு உடைந்துபோகும், பால் திரிந்துபோகும், துணி கிழிந்துபோகும். எதையும் செய்த ஆள் கிடையாது. யாராவது விசாரித்தால், "அவ படிப்பு நின்னுபோச்சு" என்பார்கள், மழை நின்றதைச் சொல்வதுபோல.

அச்சக வேலை அவளுக்குப் பொருந்திவிட்டது. காலையிலிருந்து மாலைவரை கம்ப்யூட்டர் முன்னால் தட்டச்சு. யாரும் எதுவும் கேட்பதில்லை. வருஷா வருஷம் ஒரே இலக்கணத்தை வெவ்வேறு வாத்தியார்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக. மஸ்ட், ஷுட், கேன், மே இவற்றில் பொருத்தமானதைக் கொண்டு கோடிட்ட இடத்தை நிரப்புக. பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறாதது விரல் வழியாக ஏறியது. யார் செய்தார் என்பதைத் தூக்கிக் கடைசியில் வைக்க வேண்டும், அல்லது விட்டேவிட வேண்டும். மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் செய்வதுதான் முறை. கேன் என்றால் முடியும். மே என்றால் செய்யலாம், யாரும் கையைப் பிடித்துத் தடுக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுத வேண்டும். அதற்கு அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்க வேண்டும். இந்த மூன்றாவது இடத்தில்தான் வண்டி நின்றுகிடந்தது. இரண்டு வருஷம் கடைசித் தேதியைக் கேட்காமலே கடத்திவிட்டாள். இந்த வருஷக் கடைசித் தேதி மாத முடிவில்.

அப்பா குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒருமுறை "வேண்டாம்" என்றால் அது சுவரில் அடித்த ஆணி.

இந்த வருஷத்து இங்கிலீஷ் வாத்தியார் கொஞ்சம் சோம்பேறி. ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டே இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு, கீழே சிவப்பு மையில் "மீதியை இதே மாதிரி போட்டுக்கொள்க" என்று முடித்திருந்தார். வழக்கமாக இப்படி வந்தால் மற்ற அச்சகங்கள் போட்ட பழைய கைடுகளிலிருந்து எடுத்துப் போடுவார்கள். போன வருஷம் வேறொரு அச்சகத்துக்காரர் அதைக் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்று கத்திவிட்டார். அதிலிருந்து முதலாளிக்கு ரோஷம்.

"ஒரு வரிகூடக் காப்பி இருக்கக்கூடாது. நீயா போடு. உனக்குத் தெரிஞ்சதைப் போடு. யாரு படிக்கப் போறா?"

தெரிந்ததைப் போடு என்றால் அவளுக்குத் தெரிந்தது அச்சகமும் வீடும்தான். அச்சகத்தைப் போட்டால் முதலாளி படிப்பார். அதனால் வீட்டைப் போட்டாள். முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு தண்ணீர் திறந்ததுபோல வந்தது. சித்தப்பா இஸ்திரிப் பெட்டியைக் கீழே போட்டார். அம்மா பாலை மறந்தாள். ஒரு வாக்கியம் மட்டும் தட்டிவிட்டு உடனே அழித்தாள்: அப்பா மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அதற்குப் பதிலாக அடுத்த பயிற்சியில் கோடிட்ட இடம் விட்ட ஒரு வாக்கியத்தை வைத்தாள்.

புத்தகம் வெளியூர்ப் பள்ளிகளுக்குத்தான் போகும். சின்னவள் பள்ளிக்கூடத்தில் வேறு கைடு. அதனால் அவள் பயப்படவில்லை. அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் கைடை மாற்றியது அவளுக்குத் தெரியாது. முதலாளி யாரிடம் ஆர்டர் பிடிக்கிறார் என்று தட்டச்சுக்காரியிடமா சொல்வார்?

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு நின்றபோது, கூடத்தில் சின்னவள் குரல் கேட்டது.

"சித்தப்பா இஸ்திரிப் பெட்டியைக் கீழே போட்டார். இதை மாத்தணும்."

பெரியவள் கையிலிருந்த சோப்பு வழுக்கி விழுந்தது.

சின்னவளுக்கு ஒரு பழக்கம். இங்கிலீஷில் ஒரு தடவை படிப்பாள், அர்த்தத்தைத் தமிழில் உரக்கச் சொல்வாள், அப்புறம்தான் எழுதுவாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சித்தப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். காலை இறக்கினார்.

"எந்த சித்தப்பா?"

"புக்குல இருக்கற சித்தப்பா."

"அது தானா விழுந்துச்சு. மேசை ஆடுச்சு. நான் அப்பவே சொன்னேன்."

"உங்களை யாரு சொன்னா? இது இங்கிலீஷ் சித்தப்பா."

அப்பா சிரித்துவிட்டார். "விடுடா. உலகத்துல இஸ்திரிப் பெட்டியைப் போட்டு உடைச்சது நீ ஒருத்தன்தானா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம்."

"அதுக்கில்லண்ணா. வாத்தியாருக்கு வேற ஆளே கெடைக்கலையா? ஒரு மாமா, ஒரு தாத்தா கெடைக்கல?"

பெரியவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கதவோரமாக நின்றாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. பிடுங்கினால் ஏன் என்பார்கள்.

சின்னவள் பக்கத்தைத் திருப்பினாள். "அடுத்தது கோடிட்ட இடம். மஸ்ட், ஷுட், கேன், மே. அவளுடைய அம்மாவின் உடம்பு இப்போது தேறிவிட்டது. அவள் மறுபடியும் பள்ளிக்கூடம் கோடு போக. போகணுமா, போகலாமா, போக முடியுமா? ரெண்டு மூணு சரியா வர மாதிரி இருக்கு. அப்பா, நீங்க சொல்லுங்க."

"மே போடு" என்றார் சித்தப்பா, டம்ளரை வைத்துவிட்டு. "போனாலும் போகலாம், போகாட்டியும் குடி முழுகாது. யாருக்கும் வம்பில்லை."

"உன்னைக் கேட்டாளா?" என்றார் அப்பா. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தார். பள்ளிக்கூட விஷயத்தில் தன்னிடம் ஒருவர் யோசனை கேட்டதில் அவருக்கு ஒரு மிடுக்கு வந்திருந்தது. "அந்தப் பொண்ணு எதுக்கு நின்னுச்சு?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னுதான்."

"இப்பத் தேறிடுச்சுல்ல?"

"தேறிடுச்சு."

"அப்புறம் என்ன தடை? மஸ்ட்டுன்னு போடு. போயே ஆகணும். படிக்கற புள்ளையை வீட்ல உட்கார வெச்சுட்டு என்ன பண்ணப் போறாங்க? ஊறுகாயா போடப் போறாங்க?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அவள் திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தாள். பெரியவள் தரையைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

"குழம்பு?" என்றார் அப்பா.

"ஊத்தறேன்."

சின்னவள் மஸ்ட் என்று எழுதி, அடுத்ததற்குப் போனாள். "அப்பாவின் குடை பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டப்பட வேண்டும்."

கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் குடை தொங்கியது. அதைச் சுற்றிக் கறுப்பு சைக்கிள் டியூப் துண்டு இரண்டு சுற்று இருந்தது. ரப்பர் பேண்டு அறுந்துபோகும், கயிறு நனைந்துபோகும், இது தலைமுறைக்கும் நிற்கும் என்று அவரே கண்டுபிடித்துக் கட்டியது.

"இப்ப சொல்லுங்கண்ணா" என்றார் சித்தப்பா. "உலகத்துல சைக்கிள் டியூப் கட்டின குடை எத்தனை இருக்கு?"

அப்பா தட்டை நகர்த்தினார். "ஏய், பள்ளிக்கூடத்துல போய் என்னடி சொல்லி வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா! இது அச்சடிச்ச புக்கு. எல்லார்கிட்டயும் இருக்கு!"

"எல்லார்கிட்டயும்? வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் பாடம் படிக்கிறானுங்களா? நாளைக்கு நானே வரேன். உங்க டீச்சரைக் கேக்கறேன், எவ வாயிலேர்ந்து வந்துச்சுன்னு."

சின்னவளுக்கு உதடு பிதுங்கியது. பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்லல" என்றாள் பெரியவள்.

அவள் குரல் கூடத்தில் கேட்டு நாளாகியிருந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்க அச்சகத்துல போட்ட புக்கு. நான் டைப் பண்ணினது."

"டைப் பண்ணது யாருன்னு நான் கேக்கல. எழுதினது யாரு?"

"அதுவும் நான்தான். எடம் காலியா இருந்துச்சு. ரொப்பச் சொன்னாங்க."

"ரொப்பறதுக்கு என் குடைதான் கெடைச்சுதா?"

அப்பா சின்னவள் மடியிலிருந்த புத்தகத்தை இடது கையால் வாங்கினார். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். குளிர்சாதனப் பெட்டிகளின் பின்னால் ஒட்டியிருப்பதைப் படித்துப் பழகியது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். விரலை ஒரு வரியின் அடியில் வைத்து நகர்த்தினார். அது குடை வரி இல்லை, அதற்கு மேலே இருந்த கோடிட்ட வரி.

"இதுவும் நீதானா?"

"ம்."

"படிக்கணும்னு இருந்தா வீட்ல சொல்றதுக்கு என்ன? கைடுல போட்டுத்தான் கேக்கணுமா? இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

பெரியவள் துண்டை மடித்தாள். "கேட்டு நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் கேக்க முடியாதுப்பா. கேக்காம இருந்தா, கேக்கலாம்னு இருக்கும்."

அப்பா புத்தகத்தைச் சின்னவள் மடியில் திருப்பி வைத்தார்.

"மாசக் கடைசிக்குள்ள கட்டணும்" என்றாள். வாய் திறந்தது திறந்ததாக இருக்கட்டும் என்று மீதியையும் சொன்னாள். "பழைய பள்ளிக்கூடத்துல போய் சர்டிபிகேட் வாங்கணும். அதுக்கு வீட்லேர்ந்து ஒருத்தர் வரணுமாம்."

"நான் சொன்னது புக்குல இருக்கற பொண்ணை."

"ஆமாமா" என்றாள் அம்மா. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது குழம்போடு சேர்ந்து தட்டில் விழுந்தது. "ஊரார் வீட்டுப் பொண்ணுன்னா போயே ஆகணும். நம்ம வீட்டுப் பொண்ணுன்னா ஊறுகாய் போடலாம். நல்லா இருக்கு நியாயம். நான் படுத்ததுக்கு அவ இன்னும் எத்தனை வருஷம் அபராதம் கட்டணும்?"

அப்பா சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவினார். வாசலில் போய் நின்றார். சித்தப்பா மட்டும், "என் மானம் போனதைக் கேக்க இந்த வீட்ல ஒரு நாதி இல்ல" என்று முனகினார்.

மறுநாள் காலையில் அப்பா எப்போதும்போல வேலைக்குக் கிளம்பிப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டு வழக்கப்படி இதுவும் தானாக நின்றுபோகும் என்று பெரியவள் நினைத்தாள். அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரே சொல்லை மூன்று தடவை தப்பாகத் தட்டினாள்.

பதினோரு மணிவாக்கில் அப்பா அச்சகத்துக்குள் வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. தோளில் கருவிப் பையோடு, செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு நின்றார். முதலாளி எழுந்தார். "வாங்க வாங்க, என்ன விஷயம்?"

"நான் இவ அப்பா. இவ பரீட்சை எழுதப் போறா. இனிமே முழு நாள் வேலை முடியாது. மத்தியானத்தோட அனுப்பிடுங்க."

பெரியவளுக்கே அது அப்போதுதான் தெரியும்.

"என்ன சார் இப்படித் தலையில கல்லைப் போடறீங்க? ஆர்டர் குவியற நேரம். பாதி நாள் ஆளை வெச்சு நான் என்ன பண்றது? முடியலேன்னா வேற ஆள்தான் பாக்கணும்."

"பாருங்க" என்றார் அப்பா.

"பாக்காதீங்க" என்றாள் பெரியவள்.

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"காலைல ஏழு மணிக்கு வந்துடறேன் சார். மத்தியானத்துக்குள்ள அன்னன்னிக்கு வேலையை முடிச்சுடுவேன்."

"ஏழு மணிக்கு யாரு வந்து கதவைத் தொறப்பா? நானா?"

"சாவியை எங்கிட்ட குடுங்க."

பைண்டிங்காரர் பசைத் தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். முதலாளி அவளைப் புதிதாக வேலைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து துழாவி, ஒரு வளையத்திலிருந்து நகத்தால் நெம்பி ஒரு சாவியைக் கழற்றினார்.

"தொலைச்சே, அவ்வளவுதான்."

"தொலைக்க மாட்டேன்."

"சரி, வா" என்றார் அப்பா. "பள்ளிக்கூட ஆபீஸ்ல பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்துடுவானுங்க."

தெருவில் அப்பா முன்னால் நடந்தார். கருவிப் பை இடுப்பில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. திருப்பத்தில் நின்று அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"எல்லாப் பாடமும் வந்துடுமா?"

"இங்கிலீஷ் வந்துடும். கணக்குதாம்பா பயமா இருக்கு."

"சின்னவகிட்ட கேட்டுக்கோ."

"அவளுக்கும் வராது."

அப்பா பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அப்ப உங்க சித்தப்பாகிட்ட மட்டும் கேட்டுடாத" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவளும் எட்டி நடந்தாள்.