ஜன்னல் டம்ளர்

"எந்த டம்ளர்ல குடிச்சே?"

மனைவியின் குரல் உயரவில்லை. உயராத குரலுக்குத்தான் அந்த வீட்டில் பயம் அதிகம். பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணி, பூப்போட்ட கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். ஒன்பது வருடமாக வருகிறவர், வீட்டுக்காரியைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் கூப்பிடுவது 'பாத்திரக்காரம்மா' என்று, பேசுவது 'நீ' என்று.

"ஒனக்குன்னு தனியா வச்சிருக்குல்ல?"

"ஜன்னல்ல வெயில் நேரா விழுதும்மா. கொதிக்குது, கை வைக்க முடியல."

"துணியச் சுத்தி எடு. அதுக்கென்ன இப்போ?"

மனைவி டம்ளரை வாங்கவில்லை. தேய்க்கும் தொட்டியைக் கண்ணால் காட்டினாள். பாத்திரக்காரம்மா அதை மூன்று தடவை தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கரித்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அந்த வீட்டில் எல்லாத் தட்டும் டம்ளரும் அவர் கை பட்டுத்தான் சுத்தமாகின்றன. கை பட்டால் சுத்தம், வாய் பட்டால் அழுக்கு. இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

கணவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேமராவில் புது ஃபிலிம் சுருள் மாட்டிக்கொண்டிருந்தான். வாரப் பத்திரிகை ஒன்றில் புகைப்படக்காரன். சுருளின் முதல் இரண்டு படம் மாட்டும்போதே வெளிச்சம் பட்டு வீணாகலாம். எதையாவது தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். எதிரே சமையலறை ஜன்னல் பளிச்சென்று இருந்தது. இரண்டு தடவை தட்டினான். நடந்த பேச்சு முழுவதும் காதில் விழுந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டு விவகாரத்தில் தலையிடாத நல்ல புருஷன் என்று பெயர் எடுத்தவன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். வீட்டிலும் கடையிலும் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கிற அநியாயத்தைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை வருகிறது, அதற்குப் படம் எடுக்க. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

பத்திரிகை ஆசிரியரம்மாவுக்கு அலுவலகத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். சுருள் முழுவதையும் தபால்தலை அளவில் அச்சிட்ட தாளைக் கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்ப்பார். படத்தின் நடுவில் இருப்பது எடுத்தவன் காட்ட நினைத்தது, ஓரத்தில் இருப்பதுதான் நிஜம் என்பது அவர் கட்சி.

"கடையில எடுத்தது எல்லாம் நாடகம் மாதிரி இருக்கு. அவங்கள நிக்கச் சொன்னியா?"

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரச் சொன்னேன் மேடம்."

"அதான் முகத்துல தெரியுது." கண்ணாடி மேலே நகர்ந்து தாளின் முதல் வரிசையில் நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "இதுக்குத்தான்ப்பா ஒன்ன அனுப்பினது."

அவன் எட்டிப் பார்த்தான். ஜன்னல் கம்பி. வெயிலில் தனியாக ஒரு டம்ளர். அதை எடுக்கக் கரித்துணி சுற்றிக்கொண்டு நீளும் ஒரு கை. பின்னால் அலமாரியில் பூப்போட்ட டம்ளர்கள் வரிசையாக, மங்கலாக.

"அட்டைக்கு இதுதான். யார் வீடு? ஊரும் வீடும் இல்லாம நம்ம பத்திரிகைல படம் போகாது, ஒனக்கே தெரியும்."

"பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம்."

பூதக்கண்ணாடி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "சொல்லத்தான் செய்வாங்க. மானம் போயிடுமே." அவன் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவனுக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அட்டையில் டம்ளரும் கையும் மட்டும் பெரிதாக வந்தன. பாராட்டித் தொலைபேசி மேல் தொலைபேசி. மனைவி இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குங்க. இப்படியும் ஜனங்க இருக்காங்களே, ச்சே." நடிக்கவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள். தினமும் கண்ணில் படுகிற டம்ளரைக் காகிதத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மேஜையைத் துடைக்க வந்த பாத்திரக்காரம்மா இதழை நகர்த்தினார். நகர்த்திய கை அப்படியே நின்றது.

"இது என் கையில்ல?"

மனைவி ஜன்னலைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"கீழ என்னமோ எழுதியிருக்கே. எனக்குப் படிக்க வராது. நீங்க படிங்க சார்."

அவன் படித்தான். "ஒரு வீட்டில், வேலை செய்பவருக்கென்று ஒதுக்கப்பட்ட டம்ளர்."

"ஒரு வீடுன்னா? எந்த வீடுன்னு போடலியா?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவனைக் கொன்றது. அவன் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மேடம், அந்த அட்டைப் படம் என் வீடு."

"தெரியும்ப்பா. சுருளோட முதல் படத்த எல்லாரும் வீட்டுலதானே தட்டுவீங்க? நீ சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லல. எனக்கு அட்டை வேணும், நானும் வாய மூடிக்கிட்டேன்."

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"அடுத்த இதழ்ல திருத்தம் போடலாம். படம் எடுத்தவர் வீடுன்னு ரெண்டு வரி. ஒன் மானமும் போகும், என் மானமும் போகும். நீ 'ம்'னு சொன்னா போட்டுடறேன். போடட்டுமா?"

எதிரே மனைவி வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பாத்திரக்காரம்மா துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றான். அந்த யோசனை இன்னும் முடியவில்லை.

மனைவி எழுந்துபோய்ப் பூப்போட்ட டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, "குடிங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா, தாகமில்ல." பாத்திரக்காரம்மா துணியைக் கம்பியில் உதறிப் போட்டார். "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஜன்னல் டம்ளர் அங்கேயே இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் கை வரவில்லை.

புகைப்படக்காரன் இப்போது புதுச் சுருள் மாட்டினால், லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே முதல் இரண்டு படத்தைத் தட்டிவிடுகிறான். தாளின் தொடக்கத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் வருகின்றன. பூதக்கண்ணாடி அவற்றின் மேலும் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் மூன்றாவது படத்துக்குப் போய்விடுகிறார்.