இரண்டு மேக்னட்டோக்கள்

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை, ஓடுதளத்தை ஒட்டிய கடைசிக் கொட்டகையில், பல் செட் செய்கிறவர் சொந்தமாகக் கட்டிய விமானத்தின் எஞ்சின், பற்றவைக்கும் கருவி எதுவும் பொருத்தாத நிலையில், தானாக ஓடியது.

இறக்கை, வால், சக்கரம் எல்லாம் முடிந்து வெகுநாளாகியும், எஞ்சினைப் பற்றவைக்க மேக்னட்டோ வாங்குவதா எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்குவதா என்று அவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. மேக்னட்டோ பழைய சாமான், கனம் அதிகம், குளிரில் முரண்டு பிடிக்கும். ஆனால் தன் காந்தத்தைக் கொண்டே பொறி உண்டாக்கும். பேட்டரியின் தயவு வேண்டாம், வயரைத் தரையோடு சேர்த்து எர்த் கொடுத்தால்தான் அடங்கும். எலக்ட்ரானிக் பெட்டி இலேசானது, தொட்டதும் கிளம்பும், எரிபொருளை மிச்சப்படுத்தும். பேட்டரி செத்தால் அதுவும் செத்தது. ஈறுகளுக்கு அச்செடுக்கும்போதுகூட அவர் இதையே யோசித்தார். அதற்குள் பக்கத்துக் கொட்டகையில் அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், பின்னால் ஆரம்பித்து முன்னால் முடித்துவிட்டார். எலக்ட்ரானிக்தான். மாதக் கடைசிக்குள் இவருடைய விமானத்துக்குப் பறக்கும் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்தக் கொட்டகையும் தனக்கே வேண்டும் என்று சொல்லியும் வைத்திருந்தார்.

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? பொண்ணா பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று காலை சகலை தன் விமானத்தின் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பியது. பல் செட்காரர் அப்போது தன் எஞ்சினின் பிளக் வயர்களைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. அவருடைய விமானத்தின் விசிறி ஒரு முறை உதறிவிட்டுச் சுழன்றது. அவர் ரப்பர் செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்த பிறகே நின்றது.

பரிசோதனை அதிகாரி வந்து பார்த்தார். பொறாமையால் எஞ்சின் ஓடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஒன்று நின்றால் இன்னொன்று வேண்டும் என்றுதான் விதி. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளக்குகள் இருப்பது அதற்காகத்தான். அந்த மனிதரிடம் இருந்ததோ ஒரே பொறாமை. அவர் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேல இருக்கறத அவர் பார்த்துக்கட்டும். கீழ இருக்கறத எங்கிட்ட குடுங்க."

அவளுடைய பொறாமை தங்கை பிறந்த நாளிலிருந்து சேர்ந்தது. சோதித்தபோது கணவருடையதைவிடச் சீராக எரிந்தது. முதல் பறப்பில் பயணி கூடாது; பற்றவைக்கும் கருவி பயணி ஆகாது என்று அதிகாரி தீர்மானித்தார்.

மணிக்கட்டுகளில் வயர்களைச் சுற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வழிகாட்டுகிறேன் என்று சகலை முன்னால் பறந்தார். வயல்களுக்கு மேலே அவருடைய பேட்டரி தீர்ந்தது. விமானம் சத்தமில்லாமல் சரிந்து இறங்குவதைப் பார்த்த பல் செட்காரரின் மனம் இளகிவிட்டது. மேல் பிளக்குகள் அணைந்தன. எஞ்சின் குலுங்கி, வேகம் குறைந்தது.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"பாவமா இருக்கு அவனைப் பார்த்தா."

"எறங்கினதும் பாவப்படுங்க."

கீழ் பிளக்குகளை மட்டும் நம்பி விமானம் மெல்ல வட்டமிட்டது. சகலை கீறல்கூட இல்லாமல் தரையிறங்கினார். ஆட்கள் நாலாபுறமிருந்தும் ஓடிவந்து, எஞ்சின் நின்ற விமானத்தை இறக்கிய வீரரைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவது மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. மேல் பிளக்குகள் முன்னைவிட வேகமாகப் பற்றிக்கொண்டன.

ஓடுதளத்தில் அவர்கள் இறங்கியதை அதிகாரியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பேட்டரி தேவைப்படவில்லை, எர்த் கொடுத்தால் நிற்கிறது. ஆகவே சான்றிதழில் 'இரண்டு மேக்னட்டோக்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கொட்டகை அவர்களிடமே இருக்கிறது. ஞாயிறுதோறும் பறக்கிறார்கள். கிளம்புமுன் சகலை வீட்டுக்குப் போய், அவர்களுடைய புது சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.