முழங்காலைத் தளர்த்துங்க

மார்னாவின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் நான்கு பெண்கள் பன்றித் தொடைக்கறி வைத்த பன்களைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அடக்கம் செய்யும் நாளில் மகள் வெண்ணெய் தடவிக்கொண்டு நிற்க அந்த ஊர் விடாது. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். நான்கு கோப்பைகள் அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தன.

ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேலே ஆலயத்தில் அப்பா ஆரின், போன மாதம் தானே எடுத்து வைத்த சாம்பல் நிறக் கோட்டில், பெட்டிக்குள் படுத்திருந்தார். மார்னாவின் கைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டே விஷயங்கள். ஒன்று, அப்பா சொல்லச் சொன்னது. இன்னொன்று, சொல்லவே கூடாது என்று அவர் தடுத்தது.

அவர் அவற்றைச் சொன்னது செவ்வாய்க்கிழமை மதியம். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் அவர் உதட்டை நனைத்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர், பாட்டுக்குழுவுக்கு நன்றி சொல்லிவிடு என்றார்.

"அட்டை அனுப்புறேன்பா."

"அட்டை வேணாம். கோயில்ல எல்லாரும் இருக்கும்போது, எழுந்து நின்னு வாயால சொல்லு."

"நம்ம ஊர்ல யாருப்பா எழுந்து நின்னு நன்றி சொல்றாங்க? எல்லாரும் குனிஞ்சு செருப்பைப் பாப்பாங்க."

"பாக்கட்டும். இவ்வளவு நாள் எனக்கே வாய் வரல. அதான் உன்கிட்ட சொல்றேன்."

அப்போது அவள் அந்தக் காப்பீட்டுப் படிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஆரின் கண்ணை மூடிக்கொண்டார். "அதை நான்தான் எழுதினேன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். சாகப்போற நேரத்துல என்னைப் பொய்யனாக்காத குட்டி."

அவர் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான்.

ஆரின் வீடுகளுக்குப் போய் ஹீட்டர் பழுது பார்ப்பவர். மினசோட்டா குளிரில் அவர் இல்லாவிட்டால் பாதி ஊர் விறைத்துப் போயிருக்கும். சொந்தத் தொழில் என்பதால் மருத்துவக் காப்பீட்டையும் தானே வாங்க வேண்டியிருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக வந்து நின்றவரிடமிருந்து படிவத்தை வாங்கி, சமையலறை மேசையில் வைத்து மார்னாதான் நிரப்பினாள். அவள் கேள்வியை வாசிப்பாள், அவர் கை கழுவியபடியே பதில் சொல்வார். எப்போதாவது நினைவிழந்து விழுந்ததுண்டா என்ற கேள்வி வந்தபோது அவள்தான் நிறுத்தினாள். ஈஸ்டரன்று பாட்டுக்குழுவில் விழுந்ததை எழுத வேண்டாமா என்று கேட்டாள்.

"அது மயக்கமா? அது முழங்கால்," என்று சிரித்தார் ஆரின். அவளும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

பாட்டுக்குழுவில் நின்றவர்களுக்கு இது தெரியும். நீளமான பாட்டுக்கு முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றால் ரத்தம் தலைக்கு ஏறாது. ஆள் மரம்போலச் சாய்ந்துவிடுவான். வருடத்துக்கு ஒருவராவது விழுவார். அந்த ஈஸ்டரில் ஆரின் விழுந்தார். முன்வரிசையில் நின்ற லைல் தோள் கொடுத்திருக்காவிட்டால் மெழுகுவத்திகள் மேல் விழுந்திருப்பார். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு வரி எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் போய்ச் சாப்பிட்டார். அந்த ஊரில் அதற்குப் பெயர் நோய் இல்லை, கவனக்குறைவு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அது நோயாகத் தெரிந்தது. அதுவும் ஆரினுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. நான்கு வருடங்களாக மாதம் தவறாமல் பணம் வாங்கிய காலத்தில் யாரும் அந்தக் கிளினிக் வரியைத் தேடவில்லை. நோய் வந்ததும் தேடி எடுத்துவிட்டார்கள். நினைவிழந்ததை மறைத்ததால் பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று கடிதம் வந்தது. அடுத்த மருந்தை மருத்துவமனை நிறுத்தி வைத்தது. ஐந்து வாரங்கள் ஆரின் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். தான் போட்ட ஒரு குறி அப்பாவின் உயிரை எடுக்கப்போகிறது என்று அந்த ஐந்து வாரமும் மார்னாவுக்குத் தூக்கமில்லை.

வெர்லா ப்ரோட்டன்தான் அந்தக் கடிதத்தை ஆரினிடமிருந்து கேட்டு வாங்கிப் போனார். பாட்டுக்குழுவை நடத்துபவர், பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமை ஒத்திகைக்கு வந்தவர்கள் தங்கள் நாற்காலிகளில் பாட்டுத்தாளுக்குப் பதில் அந்தக் கடிதத்தின் நகல், படிவத்தின் நகல், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா இருப்பதைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பாட்டே இல்லை. ஆரின் விழுந்தது நோயால் அல்ல, முழங்காலால் என்று, ஈஸ்டரன்று கண்ணால் கண்டதை வெர்லாவும் சேர்த்துப் பதினெட்டுப் பேரும் எழுதினார்கள். எந்தத் தோளில் விழுந்தார் என்று லைல் படம் வரைந்தே காட்டியிருந்தார். ஒருவர் பாதிப் பக்கத்துக்கு, பாட்டை வெர்லா ரொம்ப மெதுவாக நடத்தியதுதான் காரணம் என்று குறை எழுதியிருந்தார். வெர்லா அதையும் சேர்த்தே கட்டி எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் காரோட்டிப் போய், மாநிலக் காப்பீட்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்தார். அலுவலகம் கேள்வி கேட்டது. ஒரு மாதத்தில் நிறுவனத்திடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. மறுபரிசீலனைக்குப் பின் பாலிசி தொடர்கிறதாம். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

இருந்தாலும் இரண்டு வருடம் நான்கு மாதம் கிடைத்தது. இரண்டு கோடைக்குச் சோளம் அவித்துத் தின்றார். உடம்பு தேறியிருந்த ஒரு குளிர்காலத்தில் லைல் வீட்டு ஹீட்டரைப் பழுது பார்த்து, பழையபடி அவரைத் திட்டிவிட்டு வந்தார். இரண்டு ஈஸ்டர்களிலும் வெர்லா போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். அந்த நாட்கள் ஒவ்வொன்றும் தனக்குக் கொடுக்கப்பட்டவை என்று மார்னா நினைத்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. ஆனால் தப்பு தன்னுடையது என்று சொல்லாமல் நன்றியை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்றும் தோன்றியது. சொன்னால் இந்த ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலே மணி அடித்தது. காப்பிக் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

போதகர் பேசி முடித்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். குடும்பத்தார் எழுந்து பேசும் வழக்கம் அங்கே இல்லை. பெஞ்சுகளில் ஒரு சிறு சலசலப்பு வந்து அடங்கியது. மார்னா முன்னால் போய், பாட்டுக்குழு இருந்த பக்கம் திரும்பி நின்றாள். பதினேழு பேர் நீல அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் லைலுக்குப் பக்கத்தில் அப்பாவின் ஸ்டூலை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

"அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு," என்றாள். "அட்டை அனுப்பக் கூடாதாம். நின்னு சொல்லணுமாம். ரெண்டு வருஷம் நாலு மாசம் நீங்க குடுத்தீங்க. நாங்க அதை வீணாக்கல."

அவள் நினைத்தது போலவே பதினேழு பேரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். லைல் மட்டும் மூக்கைச் சிந்தினார்.

தாளைப் பிரித்தாள். "இன்னொண்ணு இருக்கு. அந்தப் படிவத்தை அப்பா எழுதல. அந்தக் குறியைப் போட்டது..."

இரண்டு கால்களும் தரையில் அடித்து நிறுத்திய மாதிரி விறைத்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது.

வெர்லா எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். மார்னாவுக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது.

"டீச்சர், நான்தான்..."

"தெரியும்மா," என்றார் வெர்லா, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "ரெண்டாம் வகுப்புல உனக்கு எழுதக் கத்துக் குடுத்தவ நான். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? படிவம் அன்னிக்கு எல்லார் நாற்காலியிலயும்தான் கெடந்துச்சு. மளிகைக் கடையில நீ எழுதிக் குடுத்த சீட்டைப் பாக்காதவங்க இந்தக் குழுவுல யாரு?"

மார்னா நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவர்கள் செருப்பைப் பார்க்கவில்லை. பதினேழு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டரை வருடமாகக் கடையிலும் கோயிலிலும் பெட்ரோல் போடும் இடத்திலும் பார்த்த அதே முகங்கள்தான். எல்லாம் தெரிந்தே அப்போதும் இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

"இங்கேயே நில்லு," என்றார் வெர்லா. லைல் சற்று நகர்ந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார். குழு எழுந்து நின்றது. வெர்லா கையை உயர்த்தி, பாட்டு தொடங்கும் முன் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"முழங்காலைத் தளர்த்துங்க."

நீல அங்கிகளின் கீழ் விளிம்பு வரிசை முழுவதும் லேசாக அசைந்தது. மார்னா தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, தன் முழங்கால்களையும் தளர்த்திக்கொண்டாள்.