கீல் சத்தம் கேட்ட ஜன்னல்

லிஃப்ட்காரர் வீட்டு வடக்குச் சுவரில் முதல் ஜன்னல் முளைத்தது மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். அந்தச் சுவருக்கு அப்பால் தையல்காரர் வீட்டுப் படுக்கையறை இருந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது படுக்கையறை அல்ல. ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு மாடியில், பூந்தொட்டிகளுக்கு நடுவே குனிந்து நத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலை. தையல்காரரிடம் விசாரித்ததில், தன் பக்கத்துச் சுவர் சுவராகவே இருக்கிறது, காலண்டர் மாட்டிய ஆணிகூட அசையவில்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் தொந்தரவு இல்லையென்று ஆனதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

காரணம் எளிமையானது. லிஃப்ட்காரர் ரிப்பேருக்குப் போன ஒரு கட்டடத்தின் மெஷின் ரூமில் உதிரிபாகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, பழைய மாடல் லிஃப்ட் ஒன்று ஏன் முனகுகிறது என்று போனில் தேடினார். தேடியதில் கிடைத்தது கம்பெனிக்காரர்களின் விளக்கம் அல்ல, ஒருவருடைய சொந்த வலைப்பதிவு. அந்த மனிதர் தன் வீட்டு லிஃப்ட்டைத் திட்டி ஒரே ஒரு பதிவு எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் பால்கனி நத்தைகளைப் பற்றியே எழுதியிருந்தார். பாதுகாப்பு விதிகள் தவிர வேறெதையும் முழுதாகப் படித்திராத லிஃப்ட்காரர் உதிரிபாகம் வந்தது தெரியாமல் நத்தைகளைப் படித்தார். பக்கத்தின் ஓரத்தில், 'நான் வாசிக்கிறவர்கள்' என்று போட்டுச் சில பெயர்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் அது பத்தைக் காட்டியது. அவர் வீடு திரும்பியபோது ஜன்னல் வந்திருந்தது.

அதன்பின் சுவர் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் தான் கெடுத்த சூப்புகளைப் பற்றி மட்டும் எழுதினார். அவர் ஜன்னலைத் திறந்தால் அடிப்பிடித்த வாடை வரும். ஒரு அம்மாள் தன் ஊரின் பஸ் நிறுத்த பெஞ்சுகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, முதுகுக்கு எது இதம் என்று எழுதினார். இன்னொருவர் பல வருடங்களாகத் தன் இடது முழங்காலைப் பற்றியே எழுதிவந்தார். வலது காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல், இத்தனை பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே லிஃப்ட்காரருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. சுவரில் ஜன்னல் முளைத்தது அவருக்கு அவ்வளவு அதிசயமாகப் படவில்லை. வீட்டுக்கு வந்த மனைவியின் தம்பி சுவரைப் பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கு அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவந்தார். வருகிறவர்களின் கண்ணுக்கு எந்த நம்பர் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கடையிலிருந்து வந்து, சமையல் முடித்து, ஜன்னல்களையும் துடைப்பார். "அந்த ஊர்க் குளிரெல்லாம் இங்க வருது, சாத்துங்க" என்பார். இவர் சாத்துவார். என்ன படிக்கிறீர்கள் என்று அவர் கேட்டதில்லை. இவர் சொன்னதும் இல்லை. பிறகு மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், கீல் கிறீச்சிடும், அன்றைய தாம்பத்தியம் அத்தோடு முடியும்.

ஏழாவதாக முளைத்த ஜன்னல் அந்தச் சமையலறைக்குள்தான் திறந்தது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்துச் சொல்ல இது துப்பறியும் சமாசாரம் இல்லை. லிஃப்ட்காரருக்குத்தான் அது தெரியவில்லை. எழுதுகிறவர் எவ்வளவு காட்டுகிறாரோ அவ்வளவே ஜன்னலும் காட்டும். 'ஒருக்களித்த கதவு' என்ற அந்த வலைப்பதிவை எழுதியவர் பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. ஆகவே அந்த ஜன்னலில் மங்கல் கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிழல் அசையும், வெங்காயம் வதங்கும் வாசனை வரும். எல்லா வீட்டிலும் வெங்காயம்தானே வதங்குகிறது என்று அவர் இருந்துவிட்டார். அதை வாரம் தவறாமல் துடைத்த கைக்கும் அது யாருடைய ஜன்னல் என்று தெரியவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று லிஃப்ட்காரர் ஒருமுறை பின்னூட்டத்தில் கேட்டதற்கு, 'மற்றவர்கள் தெளிவாகப் பார்க்க உதவுகிற வேலை' என்று பதில் வந்தது. டீச்சர் போல என்று நினைத்துக்கொண்டார்.

பின்னூட்டங்களுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் கிரீஸ் டப்பா. மற்ற ஜன்னல்காரர்களுக்கு அவர் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. இந்தப் பெண்மணிக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார். காரணம் அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரர். அந்த ஆள் மேல் லிஃப்ட்காரருக்கு அப்படியொரு கோபம். பெண்டாட்டி பேச ஆரம்பித்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவானாம். புதுப் புடவை கட்டினால் அது பழசா புதுசா என்று தெரியாதாம். அம்மா செத்துப்போன செய்தி வந்த காலையில் அவள் போனைக் கையில் பிடித்தபடி நிற்க, 'டிபன் டப்பா ரெடியா' என்று கேட்டானாம். அந்தப் பதிவின் கீழே கிரீஸ் டப்பா எழுதினார்: 'மனுஷனா அவன்? கல்லு. உங்களுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லைம்மா. அழுது தீர்த்துடுங்க. அப்புறம் அம்மாவைப் பத்தி எழுதுங்க, படிக்க நான் இருக்கேன்.' அந்தப் பெண்மணியும் அம்மாவைப் பற்றி எழுதினார். லிஃப்ட்காரர் படித்துக் கண் கலங்கினார். கூடத்தில் உட்கார்ந்து அவர் மூக்கை உறிஞ்சியது சமையலறையில் கேட்டு, ஜலதோஷம் என்று நினைத்த மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தார். போன வருஷம் இறந்த தன் மாமியாரின் ஞாபகம் அந்தக் கஷாயத்தைக் குடித்து முடித்த பிறகும் லிஃப்ட்காரருக்கு வரவில்லை.

அப்புறம் ஒருநாள் அந்தப் பெண்மணி தன் சமையலறைக் கதவின் கீலைப் பற்றி எழுதினார். கதவு வருஷக்கணக்காகக் கத்துகிறதாம். ஊரிலுள்ள இரும்புக்கெல்லாம் எண்ணெய் போடுகிற வீட்டுக்காரருக்கு இது காதில் விழவில்லையாம். ஆனாலும் அந்தச் சத்தம் ஒரு துணை. யாராவது உள்ளே வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், போனை மறைக்க நேரம் கிடைக்கும் என்று முடித்திருந்தார். கிரீஸ் டப்பா கொதித்துப்போய், 'விலாசம் மட்டும் குடுங்கம்மா, நானே வந்து எண்ணெய் போட்டுட்டுப் போறேன்' என்று எழுதினார். கீலைப் பற்றி எழுதிவிட்டதால் அன்றிலிருந்து மங்கல் கண்ணாடி வழியாகக் கீல் சத்தமும் வர ஆரம்பித்தது.

லிஃப்ட்காரர் சத்தத்தை வைத்துப் பிழைப்பவர். உலகத்தில் இரண்டு கீல்கள் ஒரே மாதிரி அழுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலம் மனைவி தண்ணீர்க் குடத்தோடு சமையலறைக்குள் போனபோது, முதுகுக்குப் பின்னாலிருந்தும் முகத்துக்கு முன்னாலிருந்தும் ஒரே கிறீச் ஒரே நேரத்தில் கேட்டது. பிறகு முதல் பதிவிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஆனால் பல்லி விழுந்து செத்துவிடும். இவர் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. தன்னையே கல்லு என்று திட்டியதுகூட அவரை அவ்வளவு சுடவில்லை. அத்தனையும் படித்தும் அந்த ஆள் தானே என்று அடையாளம் தெரியாமல் போனதே, அந்தக் காலை நேரத்தில் அவள் கையில் போன் இருந்ததையே தான் பார்த்திருக்கவில்லையே, அதுதான் உடம்பெல்லாம் கூசியது. லிஃப்ட்டுகளுக்குள் கண்ணாடி பதித்திருப்பார்கள். அதைப் பார்க்க முடியாமல் அந்த மாதம் முழுக்க அவர் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாக் கட்டடத்திலும் படியேறினார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர் மூச்சிரைக்க மாடிப்படி வழியாக வருவதைப் பார்த்து மக்கள் லிஃப்ட்டை நம்பாமல் போனதும் நடந்தது.

சொல்லாமல் இருந்துவிட்டால் அவளுக்கு ஒரு வாசகர் மிஞ்சுவார். ஆனால் இனி தெரிந்தே படித்தால் அது ஒட்டுக்கேட்பது. இரண்டும் தெரிந்துதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் போனார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கிரீஸ் டப்பா நான்தாம்மா."

கத்தி நின்றது.

"நான் எழுதினதைப் படிச்சுட்டு, அப்புறம் என்னாச்சுன்னு கேக்க எனக்குன்னு ஒரே ஒரு ஆளு இருந்தாரு," என்றார் மனைவி. "அவரையும் எடுத்துக்கிட்டீங்களா?"

"அம்மா போனப்ப ஆறுதல் சொன்னதும் நான்தானே..."

"டிபன் டப்பா கேட்டதும் நீங்கதாங்க."

மனைவி வெங்காயத்தை எடுத்து மறுபடியும் நறுக்க ஆரம்பித்தார்.

செய்வதறியாமல் அவர் அன்றே கீலுக்கு எண்ணெய் போட்டார். அதுவும் தப்பாகத்தான் போயிற்று. கதவு இப்போது பூனை மாதிரி திறந்தது. சத்தமில்லாமல் அவர் உள்ளே வந்து நிற்கும்போதெல்லாம் மனைவி தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவார். அவளுக்கு இருந்த ஒரே காவலையும் தொலைத்தோம் என்று லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஏழாவது ஜன்னல் விளக்கணைத்த மாதிரி இருண்டது. 'ஒருக்களித்த கதவு' அதோடு நின்றுவிட்டது. மற்ற ஜன்னல்களில் நத்தை ஊர்ந்தது, சூப் கருகியது, முழங்கால் வலித்தது. இவருக்கு எதிலும் மனம் செல்லவில்லை.

கடைசியில் அவரே எழுத உட்கார்ந்தார். வலைப்பதிவுக்குப் 'பழுது' என்று பெயர் வைத்தார். முதல் பதிவு மூன்று வரி. டிபன் டப்பாவைப் பற்றியது. எழுத்துப்பிழை நிறைய. அதன்பின் வீட்டில் தான் கேட்கத் தவறிய சத்தங்களை ஒவ்வொன்றாக எழுதினார். பல சத்தங்கள் ஞாபகமே இல்லாததால், இது ஞாபகமில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அதையும் எழுதினார். பெயர், வேலை, வயது எல்லாம் போட்டார். ஆகவே, மனைவி எப்போதோ அதைப் படித்ததில் சமையலறை அடுப்புக்கு மேலே முளைத்த ஜன்னல் பளிச்சென்றிருந்தது. அதில் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கும் மனிதர் முழுதாகத் தெரிந்தார். மனைவி அதன்மேல் கைத்துண்டைப் போட்டு மூடினார். மழை போய், வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. ஒருநாள் துண்டு துவைக்கப் போயிற்று. திரும்பி அங்கே வரவில்லை. ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, அவர் மேசையில் காபியை வைத்துவிட்டு உள்ளே போயிற்று. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

'பழுது'க்கு வந்த முதல் பின்னூட்டம் அடுத்த வருடத்தில்தான் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. 'எண்ணெய் காஞ்சுபோச்சு, கீல் மறுபடியும் கத்துது. எண்ணெய் போட வேண்டாம். கதவைத் தட்டிட்டு வாங்க.'

லிஃப்ட்காரர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினார். அந்தத் தட்டல் வடக்குச் சுவரில் அதுவரை இருண்டு கிடந்த ஏழாவது ஜன்னலிலும் கேட்டது.